வயசான நாய், வயசான ஆள்: திருவான்மியூர் டு முட்டுக்காடு, கரையோரமாவே நடந்து போக முடியுமா?

#1 சர்வேயர்_திருவான்மியூர்

எல்லாருக்கும் வணக்கம். நில அளவைத் துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயசு 68. வீட்ல ஒரு நாட்டு நாய், பேரு கறுப்பி. குட்டியா இருக்கும்போது எங்க மாடிப்படி அடியில வந்து படுத்தது, அப்படியே தங்கிடுச்சு. இப்ப அதுக்குப் பத்து வயசு நெருங்குது.

விடியக்காலம் ரெண்டு பேரும் திருவான்மியூர் பீச்ல இறங்கி, கொட்டிவாக்கம் குப்பம், பாலவாக்கம் தாண்டி நீலாங்கரைப் பக்கம் போவோம். ஒரு பக்கம் சுமார் 4 கிலோமீட்டர். கறுப்பி எங்க திரும்புதோ அங்க நானும் திரும்பிடுவேன்.

ரொம்ப நாளா ஒரு ஆசை. ரோட்டைத் தொடாம, கரையைப் பிடிச்சுக்கிட்டே வெட்டுவாங்கேணி, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானாத்தூர்னு போய் முட்டுக்காடு முகத்துவாரத்துல நிக்கணும். என் கணக்குப்படி மொத்தம் 20 கிலோமீட்டர் வரும். பொங்கலுக்கு அப்புறம் போகலாம்னு இருக்கேன். நாயையும் கூட்டிட்டுப் போகலாமா? எங்கெங்க வழி மறிக்கும்? வரும்போது ஆட்டோல நாயை ஏத்துவாங்களா?

வீட்டம்மா கருத்தையும் பதிவு பண்ணிடறேன்: "உங்களுக்குத்தான் மூளை கழண்டு போச்சு, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

#2 அடையாறு_லதா

சார், எங்க வீட்ல நாய் கிடையாது. எனக்கு முழங்கால் மட்டும் இருக்கு, அதுவும் பாதிதான். ஆனா பெசன்ட் நகர் மணல்ல நிறைய நடந்தவள்ங்கிற தைரியத்துல சொல்றேன்.

உதிரி மணல்ல நடந்தா கெட்டித் தரையில நடக்கிறதைவிட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகும். அதனால அலை வந்து போன ஈர மணல்லதான் நடக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஈர மணல் சரிவு. தெற்கே போகும்போது கடல் இடது கைப்பக்கம், இடது கால் எப்பவும் பள்ளத்துல. போய்த் திரும்புற நடையில வரும்போது வலது கால் பள்ளத்துக்குப் போயிடும், கணக்கு நேராயிடும். நீங்க சொல்றது ஒருவழி நடை. 20 கிலோமீட்டரும் ஒரே கால்தான் பள்ளத்துல இருக்கும். மறுநாள் இடுப்பு உங்களைக் கேள்வி கேட்கும். நாய்க்கும் அதே கதைதான்.

இன்னொண்ணு. வெறுங்கால்ல மணல்ல நடந்தா நரம்புக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. சர்க்கரை இருக்கிறவங்க தயவுசெஞ்சு அதைக் கேட்காதீங்க. தூண்டில் முள், பாட்டில் சில்லு எல்லாம் கிடக்கு. பாதம் மரத்துப் போனவங்களுக்குக் குத்தினதே தெரியாது.

#3 சர்வேயர்_திருவான்மியூர்

சர்க்கரை இல்ல மேடம், பிரஷர் மட்டும்.

சரிவு வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில கடல் கரையை அரிச்சு, இடுப்பு உயரத்துக்கு மணல் செங்குத்தா வெட்டி நிக்கும். கறுப்பி அதுக்கு மேல நின்னு இறங்கலாமா வேண்டாமான்னு என்னைப் பார்க்கும். தை, மாசியில மறுபடி மணல் வந்து படிஞ்சு கரை படுத்துடும். அதனாலதான் பொங்கலுக்கு அப்புறம்னு சொன்னேன். இந்தக் கரையில மொத்தத்துல மணல் தெற்கேயிருந்து வடக்கே நகருது. சென்னைத் துறைமுகம் கட்டினதும் அந்த மணல் தடுப்புக்குத் தெற்கே தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்னுச்சு. (பழைய தொழில் புத்தி. கேட்காமலேயே ஆரம்பிச்சுடுவேன்.)

#4 வேப்பேரி_பழைய_மாணவன்

வணக்கம் சார். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் நாயைப் பற்றிச் சொல்கிறேன், உங்களைப் பற்றி உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

நாய் களைப்பை வெளியே காட்டாது. நீங்கள் போகிற வரை அதுவும் வரும். வாலாட்டுகிறதே என்று அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடற்கரையில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: தடம். ஈர மணலில் கொஞ்ச தூரம் அதை முன்னால் விட்டுப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். கால் நன்றாக இருந்தால் நான்கு விரலும் நடுத் திண்டும் தனித்தனியாகச் சுத்தமாகப் பதிந்திருக்கும். பின்னங்காலில் மூட்டுத் தேய்மானம் தொடங்கியிருந்தால் காலை முழுசாகத் தூக்காது. தடத்தை ஒட்டி நகம் இழுபட்ட கீறல் தெரியும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் பதிந்திருந்தால் எடையை மாற்றிப் போடுகிறது என்று அர்த்தம். புறப்பட்டதும் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கிலோமீட்டர் கணக்கு.

சூடு அடுத்தது. நாய்க்கு உடம்பு வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி இரைத்துத்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் அங்கேயே நிழலில் படுக்க வைத்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, நேரே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கறுப்பு ரோமம் வெயிலை இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடிக்கிற தண்ணீர் நீங்கள்தான் சுமக்க வேண்டும். தாகத்தில் கடல் தண்ணீரை நக்க விடாதீர்கள். கொஞ்சமாகக் குடித்தால் கழிச்சலோடு போகும், நிறையக் குடித்தால் உப்பு ஏறி வாந்தி, வலிப்பு வரை போகும். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி ஈரத்தைத் துடையுங்கள்.

நொண்டுகிறதே என்று உங்கள் முழங்கால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்கிற இபுபுரூஃபன், பாராசிட்டமால் எல்லாம் அதன் குடலையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதைப் படித்தவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள்.

#5 குப்பத்துப்_பையன்

ஐயா, கழுத்துல துண்டு போட்டுக்கினு ஒரு கறுப்பு நாயோட வருவீங்களே, அவரா நீங்க? பாத்துருக்கேன்னு நெனைக்கிறேன். எங்க சித்தி உங்க நாய்க்கு மீன் தலை போடும்.

டாக்டர் சொல்லாம விட்டதை நான் சொல்றேன். வலையில வர்ற வேண்டாத மீனை அங்கயே உதறிட்டுப் போயிருவோம். அதுல பேத்தா இருக்கும், உப்பி பந்தா கெடக்கும். அது விஷம். நாய் வாய வெச்சா அவ்ளோதான். கெளுத்தி முள்ளு காஞ்சு போனாலும் குத்துனா கடுக்கும். அப்புறம் கடல் பாம்பு. வலையில மாட்டுனத உதறி மணல்ல போட்ருப்பாங்க, செத்த மாதிரி கெடக்கும், சாவாது. நல்ல விஷம். நாயி மோந்து பாக்கப் போவும், அதான் அதோட தொழிலு. நீங்கதான் இழுத்துக்கணும்.

படகு கரை ஏறுற நேரத்துல குறுக்க நிக்காதீங்க. ஃபைபர் படகு அலையோட சேத்து வேகமா வந்து ஏறும், ஓட்டுறவனால நிறுத்த முடியாது.

இன்னொரு விஷயம், கோச்சுக்காதீங்க. நிறைய பேர் நாயை அவுத்து விட்டுட்டு போன் பாத்துக்கினு போறாங்க. அது நேரா வந்து காயுற வலை மேல காலைத் தூக்கும், கருவாட்டு மேல ஏறி நடக்கும். கேட்டா "பீச் பொதுதானே"ன்றாங்க. பொதுதான். எங்களுக்கு அது வீட்டு வாசலும்கூட. ஐயா அப்டி கெடையாது, அதையும் சொல்லிட்றேன்.

எங்க குப்பத்து நாய்ங்க படகு படகா ஏரியா பிரிச்சு வெச்சிருக்கு. தெரியாத நாய் வந்தா சும்மா விடாது. கறுப்பியை இங்க எல்லாத்துக்கும் தெரியும். பனையூர்ல எதுக்குத் தெரியும்? அந்தப் பக்கம் போனா அலை ஓரமாவே போங்க, கயித்தைச் சின்னதா புடிங்க, நிக்காதீங்க, ஓடாதீங்க.

#6 உண்மை_கசக்கும்

எல்லாரும் தடவிக் கொடுத்துப் பேசுறீங்க. நான் நேராவே கேட்கிறேன். 68 வயசுல 20 கிலோமீட்டர், கூட ஒரு கிழ நாய். எதுக்கு இந்த வேலை? பார்க் இருக்கு, நாலு சுத்து சுத்திட்டு வந்து பேப்பர் படிக்கலாம். நான் பீச்ல நாய் கடிச்சு ஊசி மேல ஊசி போட்டுக்கிட்டவன். கடிச்சதுக்கு ஓனர் யாருன்னே தெரியல. சென்னையில நாய்ப் பிரச்சனை எங்க போய் நிக்குதுன்னு தெரிஞ்சும் இப்படி ஒரு இழை.

அதுமட்டும் இல்ல. நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்த நாயை யார் பார்ப்பா? ரோட்ல விடுவாங்க. கடைசியில எங்களைத்தான் கடிக்கும்.

#7 வேப்பேரி_பழைய_மாணவன்

@உண்மை_கசக்கும், கடித்த கோபம் நியாயம்தான். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதும், 0, 3, 7, 28 என்று சொல்கிற நாளில் தவறாமல் ஊசி போட்டுக்கொள்வதும்தான் உயிரைக் காக்கும். ஆழமான கடி என்றால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும். சர்வேயர் சாருக்கும் ஒரு வார்த்தை: கறுப்பிக்கு வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் இரண்டும் கையில் இருக்கட்டும். கடற்கரையில் சண்டை வந்தால் பேச்சைவிடக் காகிதம் உதவும்.

#8 அடையாறு_லதா

கடியைவிட நம்ம வயசுக்காரங்களுக்குக் கயிறுதான் பயம். அமெரிக்காவுல ஒரு ஆய்வு. 65 வயசு தாண்டினவங்க நாயைக் கயித்துல பிடிச்சு நடக்கும்போது விழுந்து எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்தது 2004ல சுமார் 1,670, 2017ல சுமார் 4,400. அதிகமா முறிஞ்சது இடுப்பு. கயித்தை மணிக்கட்டுல சுத்திக்காதீங்க சார், உள்ளங்கையில பிடிங்க. இழுத்தா விட்டுடலாம். நாய் ஓடினா பிடிச்சுக்கலாம், இடுப்பு உடைஞ்சா ஒட்டவைக்கிறது கஷ்டம்.

#9 ஆமைநடை_தன்னார்வலர்

கயிறு பத்திப் பேச்சு வந்ததால உள்ள வர்றேன்.

நீங்க நடக்கிற அதே நீலாங்கரை–பெசன்ட் நகர் கரையிலதான் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988லேர்ந்து ராத்திரி ராத்திரியா முட்டைக் குழி தேடி நடக்குது. பங்குனி ஆமை முட்டை போட வர்ற காலம் ஜனவரியிலேர்ந்து மார்ச், ஏப்ரல் வரை. நடக்க நல்ல காலம்னு சார் சொல்ற அதே மாசங்கள்.

ஒரு குழியில நூறுக்கு மேல முட்டை இருக்கும். ஆளுங்க கண்ணுக்குத் தப்பலாம், நாய் மூக்குக்குத் தப்பாது. ராத்திரி கண்ணுல படாம விட்டுப்போன குழியைக் காலையில நாய் தோண்டிடுச்சுன்னா அங்கயே எல்லாம் முடிஞ்சது. ஈர மணல்லேர்ந்து மேல் மணல் வரைக்கும் டிராக்டர் டயர் ஓடினாப்புல ஒரு தடம் ஏறிப் போய் மறுபடி இறங்கியிருந்தா அதுதான் ஆமை வந்த தடம். தடத்து மேல நடக்காதீங்க, நாயை விலக்கிப் பிடிச்சுக்கிட்டு வனத்துறைக்கோ எங்களுக்கோ சொல்லுங்க. 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூற்றுக்கணக்குல செத்து ஒதுங்கின ஆமைங்களைப் பார்த்தவங்க இங்க இருப்பீங்க. அந்த வருஷம் உயிரோட வந்து முட்டை போட்டுப் போன ஒவ்வொண்ணும் பெருசு.

ஊருக்கு வெளியேதானேன்னு உத்தண்டி பக்கம் அவுத்து விட்டுடாதீங்க. அங்கயும் முட்டை போடும்.

#10 உண்மை_கசக்கும்

ஆமையைக் காப்பாத்த ஆள் இருக்கு, நாயைக் காப்பாத்த ஆள் இருக்கு. நான் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல.

#11 பருத்தித்துறை_அக்கா

நான் இங்கிலாந்தில கென்ட் கரையில இருக்கிறன், வயது 71. மகள் ஆசைப்பட்டு வாங்கின நாய். அவள் படிக்கப் போயிட்டாள், நாய் என்னட்டைத் தங்கிட்டுது. முதலில் அதுக்கு என்னைப் பிடிக்கேல்லை, எனக்கும் அதைப் பிடிக்கேல்லை. இப்ப ஆள் இல்லாட்டி எனக்குப் பொழுது விடியாது.

தம்பி கேட்ட கேள்வி சரியான கேள்வி. இங்க அதுக்கெண்டே சின்னமன் டிரஸ்ட் எண்டு ஒரு தொண்டு அமைப்பு 1985ல இருந்து இருக்கு. வயதானவை வருத்தமாய்க் கிடந்தால் தொண்டர்கள் வீட்டுக்கு வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போய் நடத்திப்போட்டு விட்டிட்டுப் போவினம். ஆள் செத்தாப் பிறகு நாயைப் பொறுப்பெடுக்கிறதையும் உயிரோட இருக்கேக்கையே எழுதி ஒழுங்கு செய்யலாம். நான் எழிதிக் குடுத்திட்டன். மகள் கோவிச்சாள், "நான் இருக்கிறன்தானே" எண்டு. இருக்கிறாய் பிள்ளை, நாலாம் மாடி பிளாட்டில.

இங்கத்தைக் கடற்கரை வேற கதை. கனக்கக் கரையில மே 1ல இருந்து செப்டெம்பர் 30 வரை நாய் இறக்க ஏலாது, அறிவித்தல் பலகை போட்டிருக்கும். மற்றது வத்துப்பெருக்கு. உங்கட பக்கம் கடல் ஏறி இறங்கிறது ஒரு மீற்றர் அளவுதான். இங்க பல மீற்றர். வத்தேக்கை சுண்ணாம்புப் பாறைக்குக் கீழால நடந்து போயிட்டு, பெருக்கில திரும்பி வர வழி இல்லாமல் நிண்ட சனம் கனபேர். நான் பெருக்கு நேரம் பாக்காமல் சப்பாத்து போடுறேல்லை.

கறுப்பியின்ர கழிவை என்ன செய்யிறியள், சேர்வேயர் அண்ணை? ஒருத்தரும் கேக்கேல்லை, அதுதான் கேக்கிறன்.

#12 சர்வேயர்_திருவான்மியூர்

அக்கா, பையில எடுத்துடறேன். பழைய பேப்பரை முக்கோணமா மடிச்சு ஒரு கட்டு சட்டைப் பையில இருக்கும். தெருவுல என்னைப் பார்த்துச் சிரிச்சவங்க உண்டு. பரவாயில்ல.

@உண்மை_கசக்கும், உங்க கேள்விக்குப் பதில் இருக்கு. எதிர் வீட்ல ஒரு கல்லூரிப் பொண்ணு, கறுப்பி அவகிட்டயும் பாதி நாள் சாப்பிடும். அவளும் அவங்க அம்மாவும் எடுத்துக்கறதா ஒத்துக்கிட்டாங்க. வாய்ப்பேச்சா விடாம, உயில்ல கறுப்பிக்குன்னு ஒரு தொகையும் ஒதுக்கிட்டேன். வக்கீல் பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தார். பையன் போன்ல கேட்டான், "எனக்கு எவ்வளவுப்பா?"ன்னு. உனக்கு வீடு இருக்குடா, அதுக்கு எதுவும் இல்லைன்னேன்.

#13 வேப்பேரி_பழைய_மாணவன்

அந்தப் பேப்பர் கட்டை இந்த இழையிலேயே முக்கியமான விஷயமாக நினைக்கிறேன். நாய்க் கழிவிலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழு மணலில் இறங்கும். வெறுங்காலோடு நடக்கிறவர் தோலுக்குள் புகுந்து, சிவந்த கோடாக நெளிந்து நெளிந்து ஊரும். அரிப்பு தாங்காது. கறுப்பிக்குப் பூச்சி மருந்து தவறாமல் கொடுங்கள்.

#14 அடையாறு_லதா

பேத்தா, பாம்பு, புழு, இடுப்பு எலும்பு. படிச்சா யாரும் வீட்டை விட்டு வெளிய வரமாட்டாங்க போல. சார், இவ்வளவு இருந்தும் தினம் போறீங்களே, அதுல அப்படி என்ன கிடைக்குது? அதையும் எழுதுங்க.

#15 சர்வேயர்_திருவான்மியூர்

சொல்லணும்னா நிறைய இருக்கு மேடம்.

வேலையில இருந்தவரைக்கும் நடைன்னா ஒரு புள்ளியிலேர்ந்து இன்னொரு புள்ளி. சங்கிலி பிடிச்சவன் புத்தி வேற எப்படி இருக்கும்? கறுப்பிக்கு அந்தக் கணக்கே கிடையாது. பத்து அடி நடக்கும், நிக்கும். குழி நண்டு தோண்டிப் போட்ட மணல் புதுசா இருந்தா குழியில மூக்கைக் கண் வரைக்கும் விடும், தும்மும், மறுபடி விடும். நண்டு ரெண்டு முழம் தள்ளி இன்னொரு வாசல்ல கண்ணைத் தூக்கிக்கிட்டு இதையே பார்த்துட்டு நிக்கும். எனக்குத் தெரியும், நண்டுக்குத் தெரியும், கறுப்பிக்கு மட்டும் தெரியாது. குட்டியிலேர்ந்து ஒரு நண்டைக்கூடப் பிடிச்சதில்ல. ஆனா தினமும் நம்பிக்கையோட ஆரம்பிக்கும்.

தண்ணில இறங்காது. நுரை காலைத் தொட்டதும் பின்னால குதிச்சுக் கடலைப் பார்த்து ஒரு குரை. அலை திரும்பிப் போகும். அதுதான் துரத்துச்சுன்னு நினைப்பு.

நீலாங்கரைப் பக்கம் சில இடத்துல இன்னும் ராவணன் மீசைப் புல் மிச்சம் இருக்கு, அடப்பங்கொடியும் இருக்கு. ராவணன் மீசைக் காய் காஞ்சதும் முள்ளு உருண்டையா கழண்டு காத்துல மணல் மேல உருண்டு ஓடும். முன்னாடியெல்லாம் கறுப்பி ஒண்ணையும் விடாது, படகு வரைக்கும் துரத்தும். இப்ப உருண்டை பக்கத்துல போனாலும் எழுந்திருக்கிறதில்ல. காது மட்டும் அதோட கூடவே திரும்பும், ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கம் வரைக்கும். என் மனசுலயும் ஏறக்குறைய அதேதான் நடக்குது. முட்டுக்காடு ஆசை அதுல ஒரு உருண்டை.

அப்புறம் ஆளுங்க. இந்தக் கரையில என் பேரு யாருக்கும் தெரியாது. "கறுப்பி அப்பா" அவ்வளவுதான். துறையில முப்பது வருஷத்துக்கு மேல "சார்"னு கூப்பிட்டாங்க, மறுநாள் மறந்துட்டாங்க. இங்க நான் வராட்டி, "நேத்து ஏன் கறுப்பியைக் காணோம்?"னு கேட்பாங்க. என்னைக் கேட்கல, அதைத்தான். அதுவே போதும்.

#16 மணப்பாட்டு_அண்ணாச்சி

சர்வேயர் அண்ணாச்சி, மெட்ராஸ்ல ஏன் கெடந்து அல்லாடுதிய. நம்ம பக்கம் வாங்க. திருச்செந்தூர் கோயில் கடற்கரையில எறங்காதிய, கூட்டத்துல நாய்க்கும் சீக்கு நமக்கும் சீக்கு. தெக்க ஆலந்தலையில எறங்குங்க. அங்கனேருந்து குலசேகரன்பட்டினம், மணப்பாடுன்னு கரையோரம். கல்லாமொழியில அனல் மின்நிலையத்துக்குப் பாலம் கட்டியிருக்கான், அந்த எடத்துல மட்டும் மேல ஏறிச் சுத்தி வரணும். மணப்பாட்டுல கரை வளைஞ்சு குன்று மேல திருச்சிலுவைக் கோயில் நிக்கும் பாருங்க, அத பாத்துக்கிட்டே நடந்தா தூரம் தெரியாது. உடன்குடி கருப்பட்டி போட்டு ஒரு காபி. தசராக்கு மட்டும் வராதிய, குலசை தாங்காது.

#17 சர்வேயர்_திருவான்மியூர்

பொங்கல் முடிஞ்சு போய்ட்டு வந்துட்டேன். விவரம் எழுதறேன்.

டாக்டர் சொன்னபடி அதுக்கு முன்னாடியே தடம் பார்க்க ஆரம்பிச்சேன். போகும்போது சுத்தமா இருக்கு. நீலாங்கரை தொட்டுத் திரும்பும்போது வலது பின்னங்கால்ல நகக் கீறல், மெல்லிசா, ஆனா இருக்கு. அதோட முடிவாயிடுச்சு, கறுப்பிக்கு 20 கிலோமீட்டர் கிடையாது. நீலாங்கரை வரைக்கும் சேர்ந்து போனோம், அங்க எதிர் வீட்டுப் பொண்ணு காரோட வந்து அதை ஏத்திக்கிட்டா. கார் கண்ணாடி வழியா என்னைப் பார்த்துச்சே ஒரு பார்வை, அதை விடுங்க.

அப்புறம் தனியா. வாடைக்காத்து முதுகுல, வெயில் ஏறல, மணல் கெட்டி. ஈஞ்சம்பாக்கம் தாண்டிச் சில இடத்துல பங்களா மதில் அலை வரைக்கும் வந்து நிக்குது. அலை உள்வாங்குற நேரம் பார்த்து விறுவிறுன்னு கடக்கணும். கானாத்தூர் பக்கம் அரிப்புக்குக் கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க, அதுல ஏறவே கூடாது, பாசி வழுக்குது. தெருவுக்கு ஏறிச் சுத்தித்தான் வந்தேன். "ரோட்டைத் தொடாம"ங்கிறது அங்கயே போச்சு. முட்டுக்காடு முகத்துவாரத்துக்குப் பதினொண்ணு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். இடது இடுப்பு லதா மேடம் சொன்ன மாதிரியே பிடிச்சுக்கிச்சு.

நடந்த தூரம் பெருசுதான். ஆனா கேட்டா சொல்றதுக்கு எதுவும் இல்ல. எங்கயும் நிக்கல, யாரும் பேசல, நானும் யாரையும் நிறுத்தல. ஒரு குழி நண்டைக்கூடப் பார்த்த ஞாபகம் இல்ல. பழைய பழக்கம்தான், ஒரு புள்ளியிலேர்ந்து இன்னொரு புள்ளி.

அதனால மிச்சக் கரையைத் துண்டு துண்டா பிரிச்சுட்டேன். அப்பப்ப ஒரு ஞாயித்துக்கிழமை காரை பனையூர்லயோ உத்தண்டியிலயோ நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் போய் ஒரு கிலோமீட்டர் வர்றது, கறுப்பியோட. கால் சரிவும் நேராயிடும். முட்டுக்காடு வந்து சேர மழைக்காலம் ஆயிடும். அவசரம் ஒண்ணும் இல்ல.

#18 குப்பத்துப்_பையன்

பனையூர்ல எங்க மாமா வீடு இருக்குது ஐயா. போறப்போ சொல்லுங்க, அங்க இருக்குற நாய்ங்களுக்கு முன்னாடியே சொல்லி வெக்கிறோம்.

#19 ஆமைநடை_தன்னார்வலர்

ஏப்ரல் வரைக்கும் கயிறு, சார். அதுக்கப்புறமும் இருந்தா இன்னும் நல்லது. வார இறுதி ராத்திரி நடைக்கு நீங்க வாங்க, கறுப்பி வீட்ல இருக்கட்டும்.

#20 உண்மை_கசக்கும்

உயில்ல நாய்க்குப் பணம் எழுதினது கொஞ்சம் ஓவர். ஆனா எழுதியிருக்கீங்க, அதை ஒத்துக்கறேன். கூட்டிட்டு வரும்போது என் பக்கம் வராம பார்த்துக்கோங்க. நான் பாலவாக்கத்துல மஞ்சள் தொப்பி.

#21 சர்வேயர்_திருவான்மியூர்

மஞ்சள் தொப்பியைத் தெரியும் சார். கறுப்பி உங்களைப் பார்த்தா அதுவாவே சுத்திப் போகும், கவனிச்சிருக்கீங்களா?

அண்ணாச்சி, மணப்பாடு வர ஆசைதான். ஆனா ரயில்ல நாயை நம்ம சீட் பக்கம் வெச்சுக்க முடியாது. முதல் வகுப்பு ஏசியில கூபேங்கிற தனி அறையை முழுசா எடுக்கணும், இல்லாட்டி கார்டு பெட்டியில நாய்க் கூண்டுல போடணும். ராத்திரி முழுக்கக் கூண்டுல போட எனக்கு மனசு வரல. கார்லதான் வரணும், நடுவுல திருச்சியிலயோ மதுரையிலயோ ஒரு ராத்திரி தங்கி. அந்த வழியில நாயோட தங்கவிடற லாட்ஜ் யாருக்காவது தெரியுமா?

#22 மணப்பாட்டு_அண்ணாச்சி

மதுரையில நம்ம மச்சான் வீடு இருக்கு அண்ணாச்சி. வீட்டச் சுத்தி மதில், முத்தத்துல வேப்பமரம். லாட்ஜ் எதுக்கு? ஒரு கோழி மட்டும் இருக்கு, அதக் கூண்டுல அடைக்கச் சொல்லுதேன். என்னைக்குக் கெளம்புதியன்னு தனி மெசேஜ்ல சொல்லுங்க.